மேஜை மேல் ஆறு டிஸ்க்

சவரிமுத்துவின் குருவுக்கு வயது இருபத்தொன்பது. தாடி கிடையாது, மடம் கிடையாது. ஒரு ஸ்கூட்டரும் ஒரு ஹெல்மெட்டும் உண்டு. பெயர் தாஜுன்னிசா. வத்தலக்குண்டிலிருந்து வந்து, திண்டுக்கல்லில் மூன்று ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர்.

சீடருக்கு ஐம்பத்திரண்டு. கண் ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக விழித்திரையைப் படம் எடுக்கிறார். கம்ப்யூட்டரைக் கவனித்த ஆள் வேலையை விட்டுப் போனதும், "படம் எடுக்கிறவர்தானே, படத்தையும் அவரே பார்த்துக்கட்டும்" என்று அதையும் இவர் தலையில் கட்டிவிட்டார்கள். மனுஷன் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மட்டும் மதியத்துக்குள் குருவுக்கு ஏழு முறை போன் போட்டுவிட்டார்.

"டீச்சர், ஆறு போதுமா? எட்டாப் போட்டுரவா?"

"எது அண்ணே?"

"டிஸ்க்குதான்."

"ஆறு டிஸ்க் எந்தக் கடையில வாங்குனீங்க?"

"கடையா? நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரி உள்ளயே போட்டுக்கிட்டேன்."



"வர்றேன்" என்றார் குரு.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியின் பன்னிரண்டு வருஷப் படங்கள் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. அது ஒரு மாதமாகக் கடகடவென்று சத்தம் போட்டது. புதுசு வந்துவிட்டது. பழசை எடுத்துக்கொள்ள, புதுசு விற்ற கடையின் வண்டி அன்று நாலு மணிக்கு வரும். போன வருஷப் படம் இல்லாவிட்டால் இந்த வருஷம் கண் கெட்டிருக்கிறதா இல்லையா என்று டாக்டரால் சொல்ல முடியாது. கொசவபட்டி லாரி டிரைவர் குமரேசனுக்கு ஏற்கெனவே ஒரு கண் போய்விட்டது. மற்றதை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஊசி போடுகிறார்கள். சவரிமுத்துவுக்குக் கண்ணை மூடினால் அந்த ஆள்தான் வந்து நின்றார்.

போன வாரம் குரு ஒரு பாடம் நடத்தியிருந்தார். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதாக வைத்துக்கொள்கிற வித்தை அது. உள்ளே டிஸ்க் வேண்டுமென்றால் பட்டனைத் தட்டினால் போதும், முளைத்துவிடும். அப்படி முளைத்த டிஸ்க்குகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டலாம். ஒன்றில் போடும் படம் எல்லாவற்றிலும் விழும். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும்.

"பழகிப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழகிய கை பழகிய இடத்துக்குத்தானே போகும்? புது கம்ப்யூட்டரிலும் சவரிமுத்து அதையே செய்தார். திங்கட்கிழமை இரண்டு டிஸ்க் முளைக்க வைத்து, படங்களை அதற்குள் ஏற்றினார். ராத்திரி சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றாவதைச் சேர்த்தார். கொஞ்சம் தேவலை. புதன்கிழமை மறுபடி சோறு இறங்கவில்லை. நாலாவது. வியாழன் ஐந்து. வெள்ளி ஆறு.

மூன்று மணிக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. தாஜுன்னிசா உள்ளே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிப் பழைய கம்ப்யூட்டரின் தலைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காட்டுங்க."

சவரிமுத்து காட்டினார். திரையில் ஆறு டிஸ்க்கும் பெயரோடு வரிசையாக நின்றன. ஒன்றைச் செத்ததாக அறிவித்தார். படங்கள் அப்படியே இருந்தன. இன்னொன்று, இன்னொன்று என்று ஐந்தைக் கொன்றார். குமரேசனின் வலது கண் ஒரு கீறல் இல்லாமல் திரையில் நின்றது.

"அடேயப்பா" என்றார் குரு.

"அஞ்சு போனாலும் தாங்குது டீச்சர். ஆனா பாருங்க, ஆறும் ஒண்ணாப் போச்சுன்னா?"

"ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

"எதுக்கு?"

"கம்ப்யூட்டரை அணைச்சிட்டு, ஆறு டிஸ்க்கையும் கழட்டி மேஜை மேல வைங்க. எண்ணிப் பாப்போம்."

இது என்ன விளையாட்டு என்று சவரிமுத்து நினைத்தார். ஆனாலும் டிராயரிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பக்கத்து மூடி கழன்றது. உள்ளே ஒரு டிஸ்க், சோப்பு டப்பாவை விடக் கொஞ்சம் பெரிசு. எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"ஒண்ணு" என்றார் குரு.

சவரிமுத்து குனிந்தார். மின்விசிறிக்குக் கீழே பார்த்தார். ஒயர்களை ஒதுக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டுத் துழாவினார். செல்போன் டார்ச்சைப் போட்டு மறுபடி பார்த்தார். நெற்றி வியர்வை மேஜையில் சொட்டியது.

"மீதி அஞ்சு எங்க டீச்சர்?"

குரு மேஜையில் சொட்டிய வியர்வையைத் துடைத்தார்.

"நான் போட்டேனே. நீங்களே இப்பப் பாத்தீங்களே."

"பாத்தேன்."

"எதுல போட்டேன்?"

தாஜுன்னிசா மேஜை மேல் இருந்ததை விரலால் அவர் பக்கம் தள்ளினார்.

சவரிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து ராத்திரி, ஆறு டிஸ்க், எல்லாம் இந்த ஒரு டப்பாவுக்குள். இது கீழே விழுந்தால் ஆறும் விழும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் அடித்தது. மணி மூன்றே முக்கால்தான். கடை ஆள் விறுவிறுவென்று உள்ளே வந்து, பழைய கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கினார்.

"யாருது இந்த ஹெல்மெட்? எடுங்க, தூக்கணும்."

தாஜுன்னிசா அசையவில்லை. சீடரைப் பார்த்தார்.

"ஏய், கை வைக்காதே!" சவரிமுத்து கத்திய கத்தலில் வெளியே காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். இருபது வருஷத்தில் அவர் யாரையும் ஏய் என்று கூப்பிட்டதில்லை.

"என்ன சார், பழசைத் தர்றேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"பெட்டியை எடுத்துக்கங்க. டிஸ்க்கைத் தர மாட்டேன்."

"அது இல்லாம எப்படி சார்?"

"முதலாளியை எங்கிட்டப் பேசச் சொல்லுங்க. தர மாட்டேன்னா தர மாட்டேன்."

அதே ஸ்க்ரூ டிரைவரால் நாலு திருகையும் கழற்றினார். ஒரு திருகு உருண்டு பீரோவுக்கு அடியில் போனது. போகட்டும் என்று விட்டார். கடை ஆள் முணுமுணுத்துக்கொண்டே காலிக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார். ஹெல்மெட் இப்போது குருவின் மடியில் இருந்தது.

சவரிமுத்து ஒரு கையில் புது டிஸ்க்கும் ஒரு கையில் பழசுமாக நின்றார். இரண்டும் இரண்டு கனம். தண்ணீர் குடிக்கக்கூட எதையும் கீழே வைக்க மனசு வரவில்லை.

"நல்ல வேளை டீச்சர். நீங்க வராம இருந்திருந்தா குமரேசன் கண்ணு போயிருக்கும்."

"இன்னும் முடியலண்ணே. பழசு எந்நேரமும் கண்ணை மூடிரும். இன்னைக்கே வேற டிஸ்க் வாங்கி ஒரு பிரதி எடுக்கணும். அதை வேற கட்டடத்துல வைக்கணும்."

"எடுத்துருவோம். ஆனா ஒண்ணு கேக்குறேன். திங்கட்கிழமையிலேர்ந்து பயந்துக்கிட்டே கெடந்தேன். ஒரு வாய் சோறு ஒழுங்காத் திங்கல. அம்புட்டுப் பயந்தும் இதை ஏன் கண்டுபிடிக்க முடியல? அந்தப் பயம் எதுக்குத்தான் வந்துச்சு?"

தாஜுன்னிசா எழுந்து ஹெல்மெட்டை மாட்டினார். அதன் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"சொல்லத்தான் வந்துச்சு. நாலு தடவை வந்துச்சு. நீங்கதான் ஒவ்வொரு தடவையும் ஒரு டிஸ்க்கைக் குடுத்து வாசலோட அனுப்பிட்டீங்க."