சாம்பாருக்குப் பறித்த குழி

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடர் தவமணிக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் மடத்துக்குள் நுழைந்துவிட்டால் தவமணி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கைகட்டித்தான் நிற்பார்.

அன்று கட்ட முடியவில்லை, கையில் ஒரு பெரிய அட்டை. அவருடைய அப்பளக் கம்பெனியின் நிர்வாகத் திட்டம். கீழே எட்டுப் பெண்களின் பெயர்கள். எட்டுக் கோடுகளும் மேலே ஏறி 'முதலாளி' என்ற கட்டத்தில் முடிந்தன.

"எதைச் செஞ்சாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் செய்யணும். பத்து நாளா இப்படித்தான் நடத்துறேன். ஆனா ராக்கம்மா திங்கட்கிழமையில இருந்து வரமாட்டேன்னுடுச்சு சாமி. மாவோட பதம் அதுக்கு மட்டும்தான் தெரியும். அது போயிட்டா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்."

"ஏன் வராதாம்?"

"என்னைக் கேட்டுட்டு வர்றதுக்குள்ள மாவு காஞ்சுபோகுதாம். திட்டத்துல எங்க தப்புன்னுதான் எனக்குப் பிடிபடலை."

குரு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோடெல்லாம் நேரா இருக்கு. இன்னைக்கு மடத்துப் பந்தியை இதே மாதிரி நடத்துங்க."

தவமணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பரிமாறும் ஐந்து பேரையும் கூப்பிட்டு விவரம் சொல்லிவிட்டு, பந்தியின் தலைமாட்டில் மிடுக்காக நின்றுகொண்டார்.

குரு கடைசி இலையில் போய் உட்கார்ந்தார். சோறு வந்தது. நடுவில் குழி பறித்துவிட்டு நிமிர்ந்தார்.

எதிரிலேயே சாம்பார் வாளியோடு உடையப்பன் நின்றான். குழியைப் பார்த்தான். கரண்டியைப் பாதி தூக்கினான். பிறகு என்ன நினைத்தானோ, வாளியோடு தவமணியைத் தேடி நடந்தான். அங்கே ரசத்துக்காரரும் கூட்டுக்காரரும் ஏற்கெனவே காத்து நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் தவமணி கடைசி இலையைக் கவனித்தார். பதறிப்போய் ஓடிவந்தார். பின்னாலேயே உடையப்பன்.

"ஏம்ப்பா, சாமி குழி பறிச்சு வச்சிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? ஊத்த வேண்டியதுதானே!"

"தெரிஞ்சுது அண்ணாச்சி. உங்களைக் கேக்காம எப்படி ஊத்துறது?"

குரு வலது கையை விரித்துக் காட்டினார். விரல்களில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது.

தவமணிக்கு ராக்கம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அவங்களே பார்த்துச் செஞ்சுக்கிட்டா, அப்புறம் எனக்கு என்ன வேலை சாமி?"

உடையப்பன் இம்முறை யாரையும் கேட்காமல் சாம்பாரை ஊற்றினான். குரு வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தவமணி பக்கம் திரும்பினார்.

"அடி தெரியுது. நிரப்பிட்டு வாங்க."