அன்றைய மணி

மூன்று முறை ஊதும். முதல் ஊதலுக்கு அம்மா தலை நிமிர்வாள். இரண்டாவதில் துணிகளைக் கல்லிலிருந்து வாரிக்கொள்வாள். மூன்றாவது ஊதி அடங்குவதற்குள் ஆற்றில் நின்ற பெண்கள் எல்லோரும் மேட்டில் ஏறிவிடுவார்கள். அதன் பிறகே அணையின் ஷட்டர் எழும். ஐம்பது வருடம் கழிந்தும் அந்தச் சைரன் ஏகாம்பரத்தின் காதுக்குள் இருந்தது.

அதே ஆற்றில் போன ஆவணியில் சரசாள் என்ற பெண் துவைத்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் வந்து அவளை அடித்துக்கொண்டு போயிற்று. தண்ணீருக்குப் பிறகுதான் சைரன் கேட்டது என்றார்கள் கரையில் இருந்தவர்கள். சைரனுக்குப் பிறகுதான் ஷட்டர் எழுந்தது என்றான் அணையின் ஆபரேட்டர் பொன்னுரங்கம்.

ஏகாம்பரம் அவனோடு இருபத்திரண்டு வருடம் அந்த அணையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பின் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று, தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவளான தமயந்தியிடம் வந்து சேர்ந்தார். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவள். எல்லோருக்கும் அவள் டீச்சர்.

ஷட்டரை இயக்கும் நிரல் அணையில் ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள், கணினிக்குள் இன்னொரு கணினி போல, ஓடியது. அழுத்திய பொத்தான், நீர்மட்டம், கடிகாரம் காட்டிய மணி என்று வெளியிலிருந்து உள்ளே போன ஒவ்வொன்றும், எத்தனையாவது கட்டளையின்போது போயிற்று என்பதோடு பதிவாகியிருந்தது. பதிவைத் திரும்ப ஊட்டினால் அந்த நாள் அப்படியே மறுபடி நடக்க வேண்டும். அதை விசாரணைக் குழுவுக்கு நடத்திக் காட்டும் இடைமுகத்தை டீச்சரின் அலுவலகத்தில் ஏகாம்பரம் செய்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை விசாரணை. சனிக்கிழமை காலை டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"பத்துத் தடவ ஓட்டிப் பாத்துட்டனுங்க டீச்சர். மூணு தடவ சைரன் முந்துது."

"மீதி ஏழு?"

"ஷட்டர் முந்துது."

"எதைக் கொண்டுபோறதா இருக்கீங்க?"

"அந்த மூணுல ஒண்ண." அவர் குரல் இறங்கியது. "பொன்னுரங்கத்துக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குதுங்க."

"சரசாளுக்கு?"

அவர் கைக்கடிகாரத்தின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஒரே நாள் பத்து விதமா நடக்காதுங்கண்ணா. உள்ள போறதுக்கு எத்தன வாசல் வெச்சீங்க?"

"ஒண்ணுதானுங்க. எல்லாம் பதிவு வழியாத்தான் போகும்." கொஞ்சம் தயங்கினார். "கடிகாரத்துக்கு மட்டும் பக்கத்துல ஒரு சின்ன வாசல். நிரல் ஓயாம மணி கேட்டுட்டே இருக்குது. ஒவ்வொரு தடவயும் பதிவுல தேடி எடுத்துக் குடுத்தா நத்தையாட்ட ஊருது. மணிதானேன்னு நேராவே கேட்டுக்க விட்டுட்டேன்."

டீச்சர் எழுந்து அவர் அருகில் வந்தாள்.

"உங்க அம்மா எத்தன மணிக்குத் தவறுனாங்க?"

"காலைல ஆறே முக்கால்."

அவர் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தை அவர் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"இதுல பதினொண்ணு இருவதுன்னு இருக்குதே?"

ஏகாம்பரம் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் மேசைக்குப் போனார்.

நீர்மட்டம் குறியைத் தொட்டால் பத்து நிமிடத்தில் ஷட்டர் தானாக எழுந்துவிடும். அதற்குள் சைரன் கொடுப்பது ஆபரேட்டரின் வேலை. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நிரல் இன்றைய கடிகாரத்தைக் கேட்டுக் கேட்டு எண்ணிக்கொண்டிருந்தது; சைரன் பொத்தானோ பதிவில் இருந்தபடி வந்தது.

சின்ன வாசலை அடைத்தார். மறுபடி பத்து முறை ஓட்டினார். நத்தையாகத்தான் ஊர்ந்தது. பத்து முறையும் ஷட்டர் எழுந்தது. நாற்பது நொடி கழித்துச் சைரன் ஊதியது.

சாயங்காலம் வரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. டீச்சர் கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்தது.

"புள்ளைங்க தலைல கை வெச்சு சத்தியம் பண்ணுனானுங்க டீச்சர். இத்தன வருசத்துல எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. இதுல மட்டும் ஏன் சொன்னான்?"

"பொய்யின்னு ஆரு சொன்னா? அன்னைலருந்து அவரும் தெனம் மனசுக்குள்ள அந்த நாளத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பாத்துட்டுத்தான் இருந்திருப்பாரு." ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டாள். "சின்ன வாசலச் சாத்தாம."

ஏகாம்பரத்தின் சட்டைப் பையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவர் பதிவைக் குழுவிடம் கொடுத்தார். பொன்னுரங்கத்துக்கு வேலை போயிற்று. இப்போது வெள்ளகோவில் பக்கம் ஒரு நூல் மில்லில் காவலாளியாக இருக்கிறான். ஷிஃப்ட் மாறும்போது சங்கு ஊதுவதும் அவன்தான்.