பலகையின் அடிப்பக்கம்

மலையடிவாரத்தில், ஆற்றில் இறங்கும் துறைக்குச் சற்று மேலே, ஒரு சோற்று மடம். அங்கே பூசை குறைவு, அடுப்பு அதிகம். மலையேறப் போகிறவர்களும் இறங்கி வருகிறவர்களுமாக மதியம் முந்நூறு பேர் பந்தியில் உட்காருவார்கள்.

மடத்தை நடத்திய வடிவம்மைக்கு நாற்பத்தெட்டு வயது. ஞானம் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு கத்தியைக் கொடுத்து, பூசணிக்காய் குவிந்திருக்கும் இடத்தைக் காட்டுவார். பாதிப் பேர் அன்றைக்கே போய்விடுவார்கள். மீதிப் பேர்தான் சீடர்கள்.

ஆண்டபெருமாள் அந்த மீதியில் ஒருவர். அறுபது வயதில், ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தவர். அதற்கு முன் முழுக்க முழுக்கச் சங்கத்து ஆள். நூற்பாலை வாசலில் பேசிப் பேசியே தொண்டை கட்டிப்போனது. மூன்று முறை சிறை. கடைசியில் சங்கம் இரண்டாக உடைந்தபோது இரண்டு பாதியுமே அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. மடத்துக்கு வந்த அன்று, தனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்று வடிவம்மையிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். பூசணிக்காய்க்கும் கிடையாது என்றார் வடிவம்மை.

இரண்டு வருடத்தில் காய் நறுக்குமிடம் ஆண்டபெருமாளின் பொறுப்புக்கு வந்தது. அது சமையல்கட்டுக்குப் பின்னால், திறந்த முற்றத்தில் இருந்தது. கருங்கல் மேடை. அதன் மேல் ஓர் ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு மரப்பலகை. இருபக்கமும் ஆட்கள் நின்று நறுக்குவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் பழைய பலகை பிளந்தது. புதுப்பலகை ஒன்று பார்த்து எடுத்து வரும்படி வடிவம்மை ஆண்டபெருமாளை அனுப்பினார். எப்படிப்பட்டது வேண்டும் என்று இவர் கேட்டதற்கு, நல்லது வேண்டும் என்று மட்டும் பதில் வந்தது.

மரக்கடையில் ஆண்டபெருமாள் நின்ற இடம் ஆச்சா மரத்துக்குப் பக்கத்தில். ஆணி இறங்காத மரம். அது மாட்டு வண்டிக்கும் பாலத்துக்கும் போகிற சரக்கு, வெண்டைக்காய்க்கு எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். எத்தனை வெட்டு விழுந்தாலும் தழும்பு விழாத மரம்தான் தனக்கு வேண்டும் என்று இவர் சொன்னார். நான்கு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள்.

நான்காம் நாள் கத்தி எதுவும் தக்காளித் தோலைக்கூட அறுக்கவில்லை.

நறுக்குமிடத்தில் ராக்கு என்று ஒரு பெண். கைவேகமும் வாய்வேகமும் உள்ளவள். "அண்ணாச்சி, பலகை வாங்கி வரச் சொன்னா போலீஸ் ஸ்டேசன வாங்கிட்டு வந்துட்டீங்க. உள்ள போற கத்தியெல்லாம் பல்லு போயித் திரும்புது" என்றாள்.

வடிவம்மை வந்து பலகையைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு தழும்பும் இல்ல" என்றார்.

ஆண்டபெருமாளுக்கு நிமிர்வு வந்தது. வடிவம்மை ஒரு கத்தியை எடுத்து, அதன் கூரில் தன் கட்டைவிரலை வைத்து இழுத்தார். விரலில் கோடுகூட விழவில்லை. கத்தியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆச்சாப் பலகை கிணற்றடியில் துணி துவைக்கப் போனது. இரண்டாவது முறை ஆண்டபெருமாள் அவரிடமே கேட்டுவிட்டுக் கிளம்பினார். கத்தி இறங்க வேண்டும், இறங்கின இடம் நனைந்து காயும்போது கொஞ்சம் மூடிக்கொள்ள வேண்டும், அப்படி ஒரு மரம் என்றார் வடிவம்மை. இந்த முறை வேம்பு வந்தது. வயசான மரம், நிழலில் இரண்டு வருடம் உலர்ந்தது, கணு இல்லாத ஒரே பலகை. தேங்காயெண்ணெயை இளஞ்சூடாக்கி மூன்று நாள் தேய்த்ததில் கசப்பு வாடை அடங்கியது.

அதைப் பராமரிப்பதில் ஆண்டபெருமாள் யாரையும் கிட்டே விடவில்லை. நறுக்கி முடிந்ததும் கல்லுப்பைத் தூவி, அரை எலுமிச்சம்பழத்தால் தேய்த்து, தண்ணீர் விட்டு அலசி, கிடந்த இடத்திலேயே வெயிலில் காயவிடுவார். அடிப்பக்கத்தையும் கழுவ வேண்டாமா என்று ராக்கு முதல் நாளே கேட்டாள்.

"அது என்ன வேலை செஞ்சுது? உழைச்ச பக்கத்துக்குத்தான் குளியல்" என்றார் ஆண்டபெருமாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பேச்சாளருக்குக் கைதட்டல் விழுந்த வரியை விட மனசு வராது. அதை ஒன்பது மாதம் சொன்னார். ஒன்பது மாதமும் அந்தப் பலகை கல்லை விட்டு எழவில்லை.

ஒன்பதாம் மாதம் சொரிமுத்து வந்தார்.

பந்தி முடிந்த நேரத்தில், கக்கத்தில் ஒரு மூட்டையோடு ஒரு கிழவர் வாசலில் நின்றார். சோறு வேண்டும், அதற்கு வேலை செய்கிறேன் என்றார். வடிவம்மை அவரைச் சேனைக்கிழங்கு தோல் சீவ உட்கார வைத்தார். ஆண்டபெருமாள் தலையைத் தூக்கிப் பார்த்தார். இருபத்தாறு வருடம் கழித்துப் பார்த்தும் அந்த நடையை அவர் மறக்கவில்லை. ஆலை வாசலுக்குள் அந்த முதுகு நுழைந்ததைத்தான் அவர் கடைசியாகப் பார்த்திருந்தார்.

அன்றிலிருந்து சொரிமுத்து சீவிய கிழங்கை ஆண்டபெருமாள் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை வடிவம்மையிடம் போய் நின்றார்.

ஆலையில் நாற்பத்தெட்டு நாள் வேலைநிறுத்தம் நடந்ததைச் சொன்னார். நாற்பத்தொன்றாம் நாள் பத்தொன்பது பேர் உள்ளே போனார்கள். முதல் ஆள் சொரிமுத்து. அதற்குப் பிறகு ஒரு வாரம்தான் தாங்கியது. எண்ணூறு குடும்பம் கஞ்சி குடித்து நடத்தியது கைவிட்டுப் போனது. பத்தொன்பது பெயரையும் போட்டு ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினேன், வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான், இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன் என்றார். பிறகு கேட்க வந்ததைக் கேட்டார்.

"அவன் இங்க இருக்கணுமா, நான் இருக்கணுமா அம்மா?"

வடிவம்மை உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"நறுக்குமிடம் உங்க பொறுப்பு அண்ணாச்சி. அவரைப் போகச் சொல்லணும்னா நீங்களே சொல்லுங்க. நீங்க போகணும்னா கஞ்சி குடிச்சிட்டுப் போங்க. நாளைக் கழிச்சு மத்தியானப் பந்திக்குள்ள எனக்குத் தெரியணும், ஆள் கணக்குப் பார்க்கணும்" என்றார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு முன்னால அந்தப் பலகை ஏன் ஆடுதுன்னு பாருங்க. ராக்கு காலையில விரலை வெட்டிக்கிட்டா" என்றார்.

ஆண்டபெருமாளுக்குச் சுருக்கென்றது. தன் வாழ்க்கையைக் கொண்டுவந்து வைத்தால், பலகையைப் பார்க்கச் சொல்கிறார். ஆனாலும் போனார். போகாமல் எங்கே போவது? மடத்தை விட்டால் அவருக்கு இன்னொரு வாசல் கிடையாது. அது அவருக்கும் தெரியும், வடிவம்மைக்கும் தெரியும்.

பலகை நடுவில் குழிந்து, நீளவாக்கில் இரண்டு ஓரமும் மேலே எழும்பியிருந்தது. ஓரத்தில் கை வைத்து அழுத்தினால் தொட்டிலாக ஆடியது. ராக்கு விரலில் மஞ்சள்துணியைச் சுற்றிக்கொண்டு நின்றாள். உழைக்கிற பக்கம் ஏன் இப்படிக் குழிந்தது என்று இவர் தனக்குத்தானே கேட்டது அவள் காதில் விழுந்தது. அது குனிந்து உங்களுக்கு வணக்கம் வைக்கிறது அண்ணாச்சி என்றாள்.

வடிவம்மை வந்து ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"மேல்பக்கம் வெயில்ல காயுது. அடிப்பக்கத்துல தண்ணி இறங்கி அங்கேயே நிக்கிது. திருப்பிப் போடுங்க" என்றார். மேடையில் ஈரத்துணி விரித்து, குழிந்த பக்கம் துணியில் படும்படிக் கவிழ்த்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றச் சொன்னார். பிறகு பந்தி விசாரிக்கப் போய்விட்டார். ராக்குவுக்கும் அங்கே வேலை இருந்தது.

பலகையைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும். முற்றத்தில் இன்னும் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

ஆண்டபெருமாள் கொஞ்ச நேரம் தனியாக முயன்றார். ஒரு முனை எழும்பியது, மறுமுனை வழுக்கியது. இரண்டாம் முறை முதுகு பிடித்துக்கொண்டது. கடைசியில், ஆளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்.

"பிடி."

இருபத்தாறு வருடத்தில் அதுதான் முதல் வார்த்தை.

சொரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுமுனையைப் பிடித்தார். "தலைவர் இன்னும் உத்தரவுதான் போடுறீங்க" என்றார்.

"நீ நடுவுல விட்டுருவ. அதான் சொல்லிப் பிடிக்க வைக்கணும்."

சொரிமுத்து விடவில்லை. இருவரும் பலகையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குழிவுக்கு இந்தப் பக்கம் ஒரு முகம், அந்தப் பக்கம் ஒரு முகம்.

"நாப்பது நாள் பிடிச்சிருந்தேன். அதை எந்தப் பிரசுரத்துல போட்டீங்க?" என்றார் சொரிமுத்து.

ஆண்டபெருமாள் தன் முனையைத் தாழ்த்தினார். பலகையைக் கவிழ்த்தார்கள். சொரிமுத்து ஈரத்துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டே, யாருக்கோ சொல்வதுபோல மீதியைச் சொன்னார். அந்தப் பிரசுரத்தைத் தன் தெருவில் ஒட்டினார்கள். தன் வீட்டுச் சுவரில், வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில். நாவிதர் முடி வெட்ட மறுத்தார். டீக்கடையில் கிளாஸ் தரவில்லை. கிழித்துப் போடலாம்தான். ஆனால் மகள் அப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது. அதில் அப்பா பெயர் இருக்கிறது என்று அவளுக்குச் சந்தோசம். தினமும் அந்தப் பெயரைத் தொட்டுப் படித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். கிழித்தால் ஏன் என்று கேட்பாள். அவளே ஒருநாள் முழுசும் படித்து முடித்தாள். அன்றைக்குக் கிழித்தேன் என்றார்.

ஏன் உள்ளே போனேன் என்று அவர் சொல்லவில்லை. ஆண்டபெருமாள் கேட்கவும் இல்லை. நாற்பத்தொன்றாம் நாளும் அவர் கேட்டதில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை கல்லை எடுத்தபோது பலகை ஏறத்தாழச் சமமாகியிருந்தது. அழுத்திப் பார்த்தார்கள், ஆடவில்லை. இப்போது மேலே இருந்தது அடிப்பக்கம். வாங்கி வந்த நாளுக்குப் பிறகு ஆண்டபெருமாள் அதைப் பார்ப்பது இதுதான் முதல் முறை. கறுத்துக் கிடந்தது. தடவினார். கருங்கல்லின் சொரசொரப்பு முழுக்க மரத்தில் பதிந்திருந்தது. சிறு சிறு குழிகள், எண்ண முடியாத அளவுக்கு. சில குழிகளில் மணல் உட்கார்ந்திருந்தது. விரலை எடுக்காமல் மறுமுனை வரைக்கும் தடவிக்கொண்டே போனார்.

வடிவம்மை கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.

"நான் இந்தப் பக்கத்துல ஒருநாளும் வெட்டலையே அம்மா" என்றார் ஆண்டபெருமாள்.

"மேல கத்தி விழும்போதெல்லாம் கீழ கல்லு இருந்துது" என்றார் வடிவம்மை.

பழத்தை அரிந்து ஒரு பாதியைக் கொடுத்து, கழுவச் சொன்னார். ஆண்டபெருமாள் உப்பைத் தூவித் தேய்க்க ஆரம்பித்தார். கறுப்பு சீக்கிரம் போகிறதாக இல்லை. கிணற்றடியில் சொரிமுத்து மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டிருந்தார். போகச் சொல்வார்கள் என்று அவரே முடிவு செய்திருந்தார்.

பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்டது.

"ஆள் கணக்கு என்ன அண்ணாச்சி?" என்றார் வடிவம்மை.

ஆண்டபெருமாள் தேய்த்துக்கொண்டே இருந்தார். கணக்கில் மாற்றம் இல்லை என்றார். ரெண்டு பேரும் இருக்கட்டும் என்றார். அதைச் சொல்லி முடித்ததும் கை நின்றது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிடுகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, சீடனாக வந்த நாளிலிருந்து பேசாத குரலில், ஆலை வாசலில் பேசிய குரலில் கேட்டார்.

"அதுக்காக அன்னிக்கு அவன் செஞ்சது சரின்னு ஆயிருமா அம்மா?"

வடிவம்மை ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துப் பலகை மேல் ஊற்றினார்.

"கழுவத்தான் சொன்னேன். சரின்னு சொல்லச் சொல்லலையே."