காரலாய்ப் போன அண்ணன்மார்

முன்னொரு காலத்திலே, மந்திரமும் மீனும் மலிவாய்க் கிடைத்த நாளிலே, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஒரு பட்டணம் இருந்தது. அங்கே பேராச்சி என்றொரு பெண். அவளுக்கு மூன்று அண்ணன்மார்: சுடலை, மாசானம், கொம்பையா. மூவரும் வலைக்காரர்கள். தங்கை என்றால் உயிர். ஊராரிடம் மட்டும் வாய் கொஞ்சம் நீளம்.

அந்த வாய்தான் வினையாயிற்று. ஒருநாள் சுறாமுள் கோல் பிடித்த மந்திரவாதி ஒருவன் கரைக்கு வந்து, "கறிக்கு ரெண்டு காரல் குடுங்கப்பா" என்று கேட்டான். கூடை நிறைய வெள்ளிக்காசு மாதிரி காரல் மீன் மினுங்கிக்கொண்டிருந்தது. கொடுத்தால் குறைந்தா போகும்?

"மந்திரம் போட்டு வரவழையும் வேய்!" என்று சுடலை சிரித்தான். தம்பிகளும் சிரித்தார்கள்.

"காரலுக்கே இத்தனை கஞ்சத்தனமா? நீங்களே காரலாய்ப் போங்கள்!" கோலை ஒரு தட்டுத் தட்டினான் மந்திரவாதி. மூன்று காரல் மீன்கள் மணலில் துள்ளின!

பேராச்சி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். மூன்றையும் முந்தானையில் அள்ளி ஆற்றில் விட்டாள். அங்கே மேய்ந்த பெருங்கூட்டத்தில் அவை கலந்துவிட்டன. இனி எது அண்ணன், எது மீன்?

அவள் காலில் விழுந்து அழவும் மந்திரவாதிக்குப் பாதிக் கோபம் இறங்கியது. "அமாவாசை தோறும் தண்ணீர் வற்றும்போது இந்தக் கூட்டம் கடலுக்குப் போய் விடியும்போது திரும்பும். போகும்போது பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிடு. ஒரு அமாவாசைக்கு ஒருவன், மூத்தவன் முதலில். கூப்பிடத் தவறினால் அவன் கடலுக்குச் சொந்தம். அப்புறம் என்னாலும் ஆகாது."

கேட்க லேசுதான். ஆனால் அந்தக் கரையில் கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து யாரும் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்டால் போனவன் திரும்பமாட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை.

முதல் அமாவாசை வந்தது. பொழுது சாய, வயிற்றில் சின்ன வெளிச்சம் ஏந்திக்கொண்டு காரல் கூட்டம் புறப்பட்டது. பேராச்சி வாயைத் திறந்தாள். அம்மா மாடத்தி பாய்ந்துவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"ஏட்டி, கூப்பிடாத! உங்கப்பாவ நான் பின்னால கூப்பிட்டேனே, ஆளு திரும்புனாரா? அந்தப் பாவி எம்புள்ளையளக் கொல்லப் பாக்கான்!"

கூட்டம் போயிற்று. சுடலை போனான்.

இரண்டாம் அமாவாசை. அழுது அழுது படுத்துவிட்ட மாடத்தி கரைக்கு வரவில்லை. பேராச்சியின் வாயைப் பொத்த யாருமில்லை. ஆனாலும் அப்பாவின் நினைவு வந்தது. அம்மா சொன்னது நிஜமாயிருந்தால்? நினைத்து முடிப்பதற்குள் கடைசி வெளிச்சமும் அலையைத் தாண்டியது. கூட்டம் போயிற்று. மாசானம் போனான். இந்தத் தடவை யாரைக் குறை சொல்வாள், பாவம்?

மூன்றாம் அமாவாசை. பேராச்சி கழுத்தளவு தண்ணீரில் இறங்கினாள்.

"கொம்பையாண்ணே! திரும்பி வாண்ணே! கொம்பையாண்ணே!"

ஒரே ஒரு மீன் திரும்பியது. ஓடுகிற நீரை எதிர்த்து, வாயை முன்னே நீட்டி நீட்டி வந்தது. அவள் கைகளில் முட்டியது. அடுத்த நொடி, உப்புத்தண்ணீரைக் கக்கிக்கொண்டு கொம்பையா நின்றான்! மாடத்தி ஓடிவந்து மகனைக் கட்டிக்கொண்டாள்.

மந்திரவாதியும் வந்தான். மற்ற இருவரும் இல்லை என்றதும் அவன் முகம் கறுத்தது. "ரெண்டு மீனுக்காக ரெண்டு பிள்ளைகளையா விழுங்கினேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டான். சுறாமுள் கோலை முறித்து ஆற்றில் எறிந்தான். அதற்குப் பிறகு அந்த நாட்டில் யாரும் மீனாகவில்லை.

அதுமுதல் வலையில் வந்த காரலைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தான் கொம்பையா. வீட்டில் குறைவில்லை. ஆனாலும் பேராச்சிக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அண்ணே, போன ரெண்டு அண்ணன்மாரும் என் மேல கோவமாவா போனாங்க?"

கொம்பையா கையிலிருந்த வலையைக் கீழே வைத்தான். "கோவமில்ல தங்கச்சி. நீ கூப்பிடுவன்னு ரெண்டு பேருமே கூட்டத்துலயே கடைசியா, மெல்ல மெல்லத்தான் நீந்துனாங்க."

இன்றைக்கும் அந்தக் கரையில் ஆண்கள் கடலுக்குக் கிளம்பினால் பெண்கள் பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பேராச்சி ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்த இரண்டு அண்ணன்மாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், கிழவியாகும் வரை. காரல் மீனின் வாயைத் தொட்டால் அது நீளும், பார்த்திருப்பீர்கள். அவளுக்குப் பதில் சொல்லத்தான்.