மூஞ்சூற்றின் எச்சில்

பாம்பைத் தவிர வேறெதையும் மதிக்காத மனிதர், விஷ ஆராய்ச்சிக்கூடத்து இயக்குநர் வரதராஜுலு. "மூஞ்சூறு எச்சில் வெறும் தண்ணி. அதுல போய் வலிக்கு மருந்து தேடறாங்களாம்! இந்த அறையை இன்னைக்கே பூட்டுங்க" என்று மாணவர்களைப் பார்த்து உறுமினார்.

கூண்டு கழுவும் குருவம்மா குறுக்கே வந்தாள். "ஐயா, இது கடிச்ச புழு நாள் முழுக்க உயிரோட, அசையாம கிடக்குது. எச்சில்ல விஷம் இருக்கு."

"எங்கே, இப்பவே நிரூபி பார்க்கலாம்!"

காலையில் சவரம் செய்தபோது பட்ட காயம் அவர் தாடையில் சிவந்திருந்தது. அவள் எச்சில் குப்பியைத் திறந்தாள். "வெறும் தண்ணிதானே ஐயா? அந்தக் காயத்துல ஒரு சொட்டு விடட்டுமா?"

இயக்குநர் சட்டென்று தாடையைப் பொத்திக்கொண்டார். மாணவர்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள்.

பொத்திய கையை எடுக்காமலே, ஆராய்ச்சி தொடரலாம் என்று மறு கையால் கையெழுத்துப் போட்டார்.