மிச்சமாய் நின்ற கழுதை

குமரகண்டன் என்ற ராஜாவுக்கு விசுவாசம் என்றால் உயிர். அதாவது, மற்றவர்களுடைய விசுவாசம்.

அவருடைய கட்டியக்காரன் பேச்சிமுத்து. ராஜா சபைக்குள் நுழையும்போது பட்டப்பெயர்களை மூச்சுவிடாமல் கத்துவது அவன் வேலை. பக்கத்து நாட்டு ராஜா வீடும் நிலமும் தருகிறேன் என்று அவனைக் கூப்பிட்டார். இவன் ராவோடு ராவாக ஓடவில்லை. நேரே வந்து உத்தரவு கேட்டான். அதுதான் அவன் செய்த தப்பு.

"என் சோற்றில் வளர்ந்த தொண்டை இன்னொருத்தனுக்குக் கத்துமா?" ராஜா கொதித்தார். மந்திரி அனந்தநாராயணர் தூபம் போட்டார். எஜமானை விட்டுப் போகிறவன் துரோகி, மொட்டையடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஊர்வலம் விட வேண்டும் என்றார். சபையே தலையாட்டியது. நேற்றுவரை பேச்சிமுத்துவோடு வெற்றிலை போட்டவர்கள்தான் வேகமாக ஆட்டினார்கள்.

அந்த ஊர்வலம் போனவனை எந்த நாட்டிலும் வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள்.

விகடன் சாத்தப்பனுக்கு இது பொறுக்கவில்லை. ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் உத்தியோகம். எதிர்த்துப் பேசினால் இன்னொரு கழுதை தனக்கு என்று தெரியும். அதனால் தீர்ப்பை ஆகா ஓகோ என்று புகழ்ந்தான். ஊர்வல ஏற்பாட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை ராஜா வாசலுக்கு வந்தால், கழுதைகள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் நாவிதர் கத்தி தீட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஒருத்தனுக்கு எதுக்குடா இத்தனை?"

"முதலாவது பேச்சிமுத்துவுக்கு, மகாராஜா. அடுத்தது தளபதிக்கு. பக்கத்து ராஜாவை விட்டுவிட்டுத்தானே நம்மிடம் வந்தார்? அதற்கடுத்தது மந்திரிக்கு. அவர் விட்டுவந்த எஜமான்கள் கொஞ்சமா? அவருக்கு மட்டும் மாற்றுக் கழுதையும் வைத்திருக்கிறேன்."

மந்திரியின் கை தானாகக் குடுமிக்குப் போனது.

"அவர்களை நான் கூப்பிட்டேன், வந்தார்கள்" என்று முறைத்தார் ராஜா. பேச்சிமுத்துவையும் ஒரு ராஜாதான் கூப்பிட்டார் என்றான் சாத்தப்பன். மெதுவாகத்தான் சொன்னான்.

வரிசைக் கடைசியில் ஒரு கழுதை மிச்சம் நின்றது. முதுகில் பட்டு. தலைக்குமேல் வெண்கொற்றக்குடை.

"அது யாருக்கு?"

"உங்கள் பவனியில் யானைமேலிருந்து விழுந்து முழங்கால் உடைந்தானே ஒரு பாகன், மகாராஜா. இனி உதவமாட்டான் என்று போன மாதம் அவனை வெளியே தள்ளினோம். அவன் நம்மை விடவில்லை. அவனை விட்டவருக்கு இது. உயரம் சரிதானா என்று ஏறிப் பார்த்துச் சொன்னால் தேவலை."

ராஜா கழுதையைப் பார்த்தார். கழுதையும் அவரைப் பார்த்தது. யார் முதலில் கத்தப்போகிறார்கள் என்று சாத்தப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ராஜாதான் சிரித்தார், வயிறு குலுங்க. பேச்சிமுத்துவைக் குதிரையில் ஏற்றி அனுப்பச் சொன்னார். பாகனைத் திரும்ப அழைத்துவரப் பல்லக்கு அனுப்பச் சொன்னார். சாத்தப்பனுக்குத் தன் சால்வையைப் போர்த்தினார்.

ராஜா சிரித்ததும் சபையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மந்திரி, ஒரு கையால் குடுமியைப் பிடித்தபடியே.