கயிற்றின் மறுமுனை

"எனக்கு ஒரு மனக்குறை இருக்கும்மா" என்றார் தணிகாசலம்.

"சொல்லுங்க."

"பஸ்ஸில ஏறினா தூங்கிடுறீங்க. டிராக்டர்ல ஏத்திவிட்டாலும் தூங்கிடுறீங்க. என் கார்ல மட்டும் ஒரு நாளும் கண்ணை மூடினதில்லை. என் மேல நம்பிக்கை இல்லையா?"

அம்மா காரின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் தணிகாசலத்தைவிட வயதில் சிறியவர். மலைமேல் ஒரு சிறு மடம் நடத்திவந்தார். அங்கே நோயாளிகள் படுத்திருக்கும் அறையின் கூரையை முந்தாநாள் காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. இன்றும் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அடிவார ஊரில் தேர். ஒரு டெம்போவும் கிடைக்கவில்லை.

ஆகவே தணிகாசலத்தின் பழைய அம்பாசிடர் கேரியரில் நீளநீளத் தகரங்கள் ஏறின. முன்னால் அவை கண்ணாடியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன.

குறுக்கே முன்னொரு கட்டு, பின்னொரு கட்டு. பிறகு தணிகாசலம் சூடம் காட்டினார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"கயிறு மிச்சம் இருக்கு போலிருக்கே" என்றார் அம்மா.

"இது போதும்மா. மேற்கொண்டு மேலே இருக்கிறவன் பார்த்துப்பான்."

அம்மா மேலே பார்த்தார். தகரம்தான் இருந்தது.

கார் பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. தணிகாசலம் முன்கட்டின் வால் கயிற்றை ஜன்னல் வழியே இழுத்து வலது கையில் சுற்றிக்கொண்டார். ஸ்டியரிங்குக்கும் கியருக்கும் இடது கை ஒன்றுதான்.

சமவெளியில் கயிறு வண்டு போல ரீங்கரித்தது.

மலை ஏறத் தொடங்கியதும் காற்று எதிரே வந்தது. தகரத்தின் முனை எழும்பி, விழுந்து, கூரையில் தட்டியது. கையில் கயிறு வெட்டுவதுபோல் இறுகியது. தணிகாசலம் பல்லைக் கடித்து இழுத்துப் பிடித்தார்.

"கயிறு பாடிக்கிட்டு வந்ததே, இப்ப ஏன் பாடலை?"

"காத்து திசை மாறியிருக்கும்மா."

"நிறுத்திப் பாருங்க."

"ஏத்தத்துல நிறுத்தினா இந்தக் கிழவி மறுபடி கிளம்ப மாட்டாள். மழை வேற முந்திக்கும். நான்தான் பிடிச்சிருக்கேனே."

பின்னால் ஒரு பைக் வந்து ஒட்டிக்கொண்டது. ஓட்டுபவன், பின்னால் மனைவி. முன்னால் பெட்ரோல் டேங்க்கின் மேல் ஒரு குழந்தை, மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு. எதிர்க்காற்றுக்குக் காரை மறைப்பாக வைத்துக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த கொண்டை ஊசி வளைவில் தகரம் முன்னைவிட உயரமாக எழும்பியது. விழ நேரமெடுத்தது.

"கையை எடுங்க" என்றார் அம்மா.

"என்னம்மா சொல்றீங்க? எடுத்தா பறந்துடும்!"

"பறந்து?"

தணிகாசலம் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"பறந்து யார் மேல விழும்?"

அவர் கண் பின்னால் பார்க்கும் கண்ணாடிக்குப் போனது. மஞ்சள் தொப்பி அங்கேயே இருந்தது.

கையை எடுக்கவும் முடியவில்லை. வைத்திருக்கவும் முடியவில்லை.

மெல்ல, மிக மெல்ல, பிரேக்கை மிதித்தார். கார் ஓரமாக நின்று, பின்னால் நழுவப் பார்த்தது. அதற்குள் அம்மா இறங்கி, ஒரு கல்லைப் புரட்டிப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்.

பைக்காரன் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தான். "யோவ் பெரிசு! வளைவுல நிறுத்துறியே, வீட்ல சொல்லிட்டு வந்தியா?"

தணிகாசலம் இறங்கிக் கும்பிட்டார்.

"கும்பிடு ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் பின்னாலிருந்தவள். அந்த மஞ்சள் தொப்பி மேல் வளைவில் மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு கேரியரைப் பார்த்தார்.

முன்கட்டின் முடிச்சு எப்போதோ அவிழ்ந்திருந்தது. அவிழ்ந்த முனை கேரியரின் இரும்புக் காலில் சிக்கி நின்றது. இவ்வளவு நேரம் அவர் உயிரைக் கொடுத்து இழுத்துப் பிடித்திருந்தது தகரத்தை இல்லை. தன் காரையே.

பின்கட்டு ஒன்றுதான் மிச்சம். அதிலும் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

அவர் ரோட்டோரம் குந்திவிட்டார். உள்ளங்கையில் கயிற்றுத் தடம் சிவந்து கிடந்தது.

"கை எரியுதா?"

"எரியுதும்மா."

"எரியட்டும். எழுந்திரிங்க, மழை வருது."

இருவருமாகக் கட்டினார்கள். குறுக்குக் கட்டுகளை அவிழ்த்து மறுபடி போட்டார்கள். மிச்சக் கயிறு தகரத்தின் முனையிலிருந்து முன் பம்பரின் இரண்டு பக்கமும் இறங்கியது. அம்மா பம்பரில் காலை ஊன்றி இழுத்தார்.

"தகரத்தை ஆட்டிப் பாருங்க."

ஆட்டினார். "ஆடுதும்மா."

"எது ஆடுது?"

"தகரம்."

"அப்ப இன்னும் இழுங்க."

மறுபடி இழுத்தார். மறுபடி ஆட்டினார். இந்த முறை தகரம் தனியாக ஆடவில்லை. காரே ஆடியது.

அம்மா போய் உள்ளே உட்கார்ந்தார்.

கிழவி இருமிக்கொண்டு கிளம்பினாள். தணிகாசலத்தின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. கயிறு பாடிக்கொண்டு வந்தது.

சிறிது தூரம் போனதும், யாரும் சொல்லாமலே நிறுத்தினார். தானே கல் தேடி முட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு கட்டாகத் தொட்டுப் பார்த்தார். பம்பர்க் கட்டு ஒன்று கொஞ்சம் இளகியிருந்தது. இறுக்கினார். முதல் தூறல் தகரத்தில் விழுந்தது.

ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"நல்லவேளை பார்த்தேன். பம்பர்க் கட்டு கொஞ்சம் இளகி..."

அம்மாவின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மெல்லிய குறட்டை கேட்டது.

தணிகாசலம் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.